ஏழு நிமிடம் பிந்திய சாட்சி

பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, நாங்கள் பராமரித்துக்கொண்டிருந்த டேட்டாபேஸிலிருந்து சில நூறு ஆர்டர் பதிவுகள் காணாமல் போயின. பேக்கப்பை வைத்து விடிவதற்குள் எல்லாவற்றையும் மீட்டுவிட்டோம். காலையில் மேலாளர் வந்து கேட்டது ஒரே கேள்விதான். "யார் அழிச்சது?" அதைக் கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது.

சுலபமான வேலையாகத்தான் தெரிந்தது. மூன்று சர்வர்களின் லாக் கோப்புகளை எடுத்து, நேர வரிசைப்படி ஒன்றாக அடுக்கினேன். இரவு 11:00, பழைய பதிவுகளைத் துடைக்கும் தினசரி ஸ்கிரிப்ட் டேட்டாபேஸ் சர்வரில் ஓடி, சில வினாடிகளில் முடிந்திருக்கிறது. 11:03, ஒரு வாடிக்கையாளர் தன் ஆர்டரைத் திறந்து பார்த்திருக்கிறார், பதிவு இருந்தது. 11:05, எங்கள் டீமில் சேர்ந்து ஆறு மாதமே ஆன ஒரு பையன், நுழைவாயில் சர்வர் வழியாக டேட்டாபேஸுக்குள் போயிருக்கிறான். 11:08, அதே வாடிக்கையாளர் மறுபடி பார்க்கிறார், பதிவு இல்லை. 11:10, பையன் வெளியே வந்துவிட்டான்.

ஸ்கிரிப்ட் முடிந்த பிறகும் பதிவு உயிரோடு இருந்திருக்கிறது. ஆகவே ஸ்கிரிப்ட் அழித்திருக்க முடியாது. 11:03-க்கும் 11:08-க்கும் நடுவே உள்ளே இருந்த ஒரே ஆள் அந்தப் பையன். உள்ளே யார் என்ன கட்டளை கொடுத்தார்கள் என்பதைப் பதியும் வசதியை, வேகம் குறைகிறது என்று நாங்களே அணைத்து வைத்திருந்தோம். அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணா, சத்தியமா ஒரு கவுன்ட் மட்டும்தான் எடுத்தேன். எதையும் டெலீட் பண்ணல."

"லாக் அப்படிச் சொல்லலையேடா."

அன்று மதியமே அவனுடைய அனுமதிகள் எல்லாம் பிடுங்கப்பட்டன. இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள், வேறு ஏதோ காரியமாக இரண்டு சர்வர்களின் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்திருந்தேன். எதேச்சையாக இரண்டிலும் தேதியைக் கேட்கும் கட்டளையைத் தட்டினேன். டேட்டாபேஸ் சர்வரின் கடிகாரம் பிந்திக்கொண்டிருந்தது. முந்தைய இரண்டு நாள் இழப்பைக் கழித்துக் கணக்குப் போட்டால், செவ்வாய் இரவு அது ஏழு நிமிடம் பின்னால் இருந்திருக்கிறது. அதனுடைய 11:00 என்பது ஊருக்கு 11:07. ஸ்கிரிப்டில் தேதியைக் கணக்கிடும் வரியில் ஒரு பிழை. அழித்தது அதுதான். பிந்திய கடிகாரம் ஒன்று, தவறு செய்தவனுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லியிருந்தது. அந்தச் சாட்சியைக் கூண்டில் ஏற்றியவன் நான்.

*

கணினிக்கு நேரம் தெரியாது. எண்ணத் தெரியும், அவ்வளவுதான். ஒரு குவார்ட்ஸ் படிகம் மின்சாரத்தில் அதிர்கிறது. அதிர்வுகளை எண்ணி, இத்தனை அதிர்வு ஒரு வினாடி என்று வைத்துக்கொள்கிறது. நம் கைக்கடிகாரத்துப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்வது. இரண்டின் பதினைந்தாம் அடுக்கு என்பதால் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டே வந்தால் சரியாக ஒன்றில் வந்து நிற்கும். கணினியின் மதர்போர்டில் பேட்டரியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கடிகாரமும் பெரும்பாலும் இதே படிகத்தை வைத்துத்தான் ஓடுகிறது.

1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் டைமர் வேறு ஒரு எண்ணில் ஓடியது: வினாடிக்குச் சுமார் 11,93,182. இந்த விசித்திரமான எண் எங்கிருந்து வந்தது? அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்கான அலைவரிசையின் நான்கு மடங்கில் அதிரும் படிகத்தை எடுத்து, அதைப் பன்னிரண்டால் வகுத்தார்கள். டிவிக்காகச் செய்யப்பட்ட படிகம் மலிவாகக் கிடைத்தது. திரைக்கும் அதே அதிர்வெண் தேவைப்பட்டது. நம் கணினிகளின் நேரத்துக்குள் இன்னமும் ஒரு பழைய டிவிப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது.

எந்தப் படிகமும் சொன்ன சொல்லில் நிற்காது. சூடு ஏறினால் ஒரு மாதிரி, வயதானால் வேறு மாதிரி. இந்தப் பிசகைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளப்பார்கள். பிபிஎம் என்பது அதன் சுருக்கம். ஒரு பிபிஎம் பிசகினால் நாளொன்றுக்கு 0.0864 வினாடி. சாதாரணப் படிகம் 50 பிபிஎம் வரை பிசகலாம். அதாவது நாளைக்கு 4 வினாடிக்குக் கொஞ்சம் மேல். எங்கள் சர்வர் ஐந்து நாளில் ஏழு நிமிடம் தொலைத்திருந்தது. நாளைக்கு 84 வினாடி, கிட்டத்தட்ட 970 பிபிஎம். எந்தப் படிகமும் இவ்வளவு மோசமாக இருக்காது. அப்படியானால் பிசகு படிகத்தில் இல்லை.

அந்த சர்வருக்குப் படிகமே கிடையாது. அது ஒரு விர்ச்சுவல் மெஷின்.

*

1974-இல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். விர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன என்பதற்கு இன்றுவரை எல்லோரும் திரும்பிப் போகும் இலக்கணம் அது. உண்மையான இயந்திரத்தின் மேல் இன்னொரு பொய் இயந்திரம். அதற்குள் ஓடும் நிரல், உண்மை இயந்திரத்தில் ஓடினால் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படியே நடந்துகொள்ள வேண்டும். ஆனால் அந்த இலக்கணத்திலேயே இரண்டு விதிவிலக்குகளை ஓரமாக எழுதி வைத்தார்கள். ஒன்று, நினைவகம் போன்ற வளங்கள் எவ்வளவு கிடைக்கும் என்பது. மற்றது, நேரம். எல்லாவற்றையும் போலி செய்யலாம், நேரத்தை மட்டும் அப்படியே போலி செய்வதாக வாக்குக் கொடுக்க மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இதை நான் படித்தது அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பல மாதம் கழித்து. முன்பே படித்திருக்கலாம்.

ஏன் முடியாது? பழைய லினக்ஸ் கெர்னல் நேரத்தைக் கணக்கு வைத்த முறையைப் பார்த்தால் புரியும். ஹார்ட்வேர் டைமர் குறிப்பிட்ட இடைவெளியில் பிராசஸரின் தோளைத் தட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் கெர்னல் தன் கடிகாரத்தில் ஒரு துளி கூட்டிக்கொள்ளும். ஆரம்ப காலத்தில் சாதாரண பிசிக்களில் இது வினாடிக்கு 100 தட்டு. 2003-இன் கடைசியில் வெளியான 2.6 கெர்னல் அதை 1000 ஆக்கியது. மேசைக் கணினிகளுக்கு நல்லது. திரை, ஒலி எல்லாம் தடங்கல் இல்லாமல் போகும்.

அதே காலத்தில்தான் ஒரே இயந்திரத்துக்குள் பத்து, பதினைந்து விர்ச்சுவல் மெஷின்களைக் குடிவைக்கும் பழக்கம் பரவிக்கொண்டிருந்தது. பிராசஸர் அத்தனை பேருக்கும் முறை வைத்து வேலை செய்கிறது. ஒரு மெஷினின் முறை வரும்வரை அது தூங்குகிறது. தூங்குகிறோம் என்று அதற்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். தூக்கத்தில் இருபது முறை தோளைத் தட்டியிருப்பார்கள். எழுந்ததும் ஒன்றோ இரண்டோதான் உணரும். மீதித் தட்டுகளை ஹைப்பர்வைசர் எனப்படும் மேற்பார்வை மென்பொருள் சேர்த்துவைத்துப் பின்னால் கொடுக்கப் பார்க்கும். கூட்டம் அதிகமானால் கொடுத்துத் தீராது. வினாடிக்கு 100 தட்டைப் பொறுத்துக்கொண்ட ஏற்பாடு, 1000 தட்டில் மூச்சுத் திணறியது. பஸ்ஸில் தூங்கிவிட்டவன், தான் தாண்டி வந்த நிறுத்தங்களை எண்ணச் சொன்னால் எண்ணுவது போலத்தான் அது நேரத்தை எண்ணியது.

*

கடிகாரங்களைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு தவறு இருக்கிறது. நல்ல கடிகாரம் என்றால் பிசகாதது என்று நினைக்கிறோம். கடலில் தீர்க்கரேகை கண்டுபிடிப்பவருக்கு 20,000 பவுண்ட் வரை பரிசு என்று 1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அறிவித்தது. அதற்காக வாழ்நாளைச் செலவழித்த தச்சர் ஜான் ஹாரிசனின் நான்காவது கடிகாரம், 1761-இல் அவர் மகன் வில்லியமோடு ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறியது. எண்பத்தொரு நாள் பயணத்தின் முடிவில் அதன் பிழை சுமார் 5 வினாடி. எல்லோரும் சொல்லும் கதை இது.

அந்த 5 வினாடிக்குப் பின்னால் ஒரு கழித்தல் கணக்கு உண்டு. அந்தக் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டரை வினாடிக்குச் சற்று அதிகமாகப் பிந்தியது. அதைப் பயண நாட்களால் பெருக்கிக் கழித்த பிறகு மிஞ்சிய பிழைதான் 5 வினாடி. பிந்துவது குற்றமில்லை, தினமும் ஒரே அளவு பிந்தினால் போதும். இதை மாலுமிகள் கடிகாரத்தின் விகிதம் என்றார்கள். பிறகு வந்த கப்பல்களில் ஒவ்வொரு கடிகாரத்துக்கும் விகிதம் குறித்த ஏடு இருந்தது. துறைமுகத்தில் நிற்கும்போது அதைச் சரிபார்த்துக்கொள்வார்கள். கிரீன்விச் வானாய்வகத்தின் உச்சியில் 1833 முதல் தினமும் பகல் 1 மணிக்கு ஒரு பெரிய பந்து கம்பத்தில் விழுந்தது தேம்ஸில் நின்ற கப்பல்களுக்காகத்தான்.

இதே ஏடு இன்றைய லினக்ஸ் சர்வரிலும் இருக்கிறது. டிரிஃப்ட் என்று பெயர் கொண்ட சின்னஞ்சிறு கோப்பு. திறந்து பார்த்தால் பெரிதாக எதுவும் இருக்காது: இந்த இயந்திரத்தின் கடிகாரம் எத்தனை பிபிஎம் பிசகுகிறது என்று ஒரு எண், சமயத்தில் அதன் நிச்சயமின்மை எவ்வளவு என்று இன்னொன்று. ரீபூட் ஆனாலும் அந்த எண்ணிலிருந்து தொடரலாம்.

விர்ச்சுவல் மெஷினில் இந்த ஏடு ஏமாற்றிவிடும். அதன் பிசகு அதன் சொந்தக் குணத்தைச் சேர்ந்ததே இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் அன்றைக்கு எவ்வளவு வேலை செய்தான் என்பதைப் பொறுத்தது. மாதக் கடைசியில் பக்கத்து மெஷினில் சம்பளக் கணக்கு ஓடினால் இதற்கு நேரம் மெதுவாகப் போகும். ஹாரிசனின் கடிகாரத்துக்கு இருந்த ஒழுங்கான தவறு இதற்குக் கிடையாது.

*

இணையத்தில் பந்து விழவைத்தவர் டேவிட் மில்ஸ். பிறவியிலேயே கண் அழுத்த நோய். சிறு வயதில் அறுவை சிகிச்சையால் ஓரளவு மீண்ட பார்வையும் முதுமையில் முழுதாகப் போனது. 2024 ஜனவரியில் காலமானார். கணினிகள் ஒன்றையொன்று நேரம் கேட்டுக்கொள்ளும் என்டிபி நெறிமுறையை அவர் 1985-இல் ஆவணமாக வெளியிட்டார்.

கேட்பது எளிது, பதில் வந்து சேர்வதற்குள் அது பழசாகிவிடும் என்பதுதான் கஷ்டம். என்டிபி நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்கிறது: நான் கேட்ட நேரம், உனக்குக் கேள்வி வந்த நேரம், நீ பதில் அனுப்பிய நேரம், எனக்குப் பதில் கிடைத்த நேரம். போகவும் வரவும் ஒரே அளவு தாமதம் என்று வைத்துக்கொண்டால் இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசம் கிடைத்துவிடும். அந்த 'வைத்துக்கொண்டால்' எப்போதும் உண்மையாக இருக்காது. அதனால் பலரிடம் கேட்டு, பொய் சொல்பவரை ஒதுக்கி, தாமதம் குறைந்தவரை அதிகம் நம்பும்.

வித்தியாசம் தெரிந்த பின் முள்ளைத் தள்ளி வைத்துவிட்டால் ஆயிற்றா? முந்திய கடிகாரத்தைப் பின்னால் தள்ளினால் ஒரே நிமிடம் இரண்டு முறை நடக்கும். விளைவு முன்னால் வந்து காரணம் பின்னால் வரும். எனவே சிறிய பிசகுகளுக்கு முள்ளைத் தொடாமல் வேகத்தை மாற்றுவார்கள். பிந்தினால் கொஞ்சம் வேகமாக ஓடவிட்டு ஊரோடு சேர்த்துவிடுவது. மில்ஸின் நிரலில் இந்த வேக மாற்றத்துக்கு ஒரு வரம்பு உண்டு: 500 பிபிஎம். நாளைக்கு 43.2 வினாடி.

இந்த இடத்தில்தான் எங்கள் சர்வருக்கு வழியே இல்லாமல் போனது. நாளைக்கு 84 வினாடி தொலைப்பவனுக்கு 43 வினாடிக்கு மேல் கொடுக்கக் கூடாது என்றால், கடன் தீரவே தீராது. ஆனால் அந்த 43 வினாடிகூட அதற்குக் கிடைத்திருக்கவில்லை. ஐந்து நாள் முன்பு ஃபயர்வாலில் நடந்த ஒரு மாற்றத்தில், என்டிபி பயன்படுத்தும் 123-ஆம் எண் போர்ட் அடைபட்டிருந்தது. சர்வர் கேட்டுக்கொண்டே இருந்தது, யாரும் பதில் சொல்லவில்லை. என்டிபி சேவை ஓடுகிறதா என்று கேட்டால் ஓடுகிறது என்றே திரை சொன்னது. நானும் போன வாரம் அதை மட்டும் பார்த்துவிட்டுப் பச்சை டிக் போட்டிருந்தேன். யாரிடமிருந்தாவது பதில் வந்திருக்கிறதா என்று காட்டும் பத்தியில் எல்லாம் பூஜ்யமாக இருந்திருக்கும். நான் அதைப் பார்க்கவில்லை.

சரிசெய்தது இப்படி. முதலில் போர்ட்டைத் திறந்தோம். டேட்டாபேஸை நிறுத்திவிட்டு, கடிகாரத்தை ஒரே தாண்டாக முன்னால் கொண்டுவந்தோம். அதோடு விட்டிருந்தால் மறுநாளே பிந்தியிருக்கும். கெர்னல் தொடங்கும்போது கொடுக்கும் அளவுருவில், வினாடிக்கு 1000 தட்டைப் பத்தால் வகுத்து 100 ஆக்கினோம். விர்ச்சுவலைசேஷன் மென்பொருளின் கருவியும் தன் பங்குக்கு இடையிடையே நேரத்தைத் திருத்திக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு கடிகாரக்காரன் வேண்டாம் என்று அதன் திருத்தத்தை அணைத்தோம். பிசகு சில பிபிஎம்முக்குள் இறங்கியது.

இன்று சர்வர் வைப்பவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. தட்டுகளை எண்ணும் முறையை லினக்ஸ் 2000களின் பிற்பாதியில் படிப்படியாகக் கைவிட்டது. கேவிஎம் போன்ற ஏற்பாடுகளில், தூங்கி எழுந்த மெஷின் தட்டுகளை எண்ணாமல் வீட்டுக்காரரின் கடிகாரத்தையே எட்டிப் பார்த்துக்கொள்கிறது. நேரம் கேட்க, ரிச்சர்ட் கர்னோ 1990களில் எழுதத் தொடங்கிய க்ரோனி இருக்கிறது. 500 பிபிஎம்முக்கு மிக அதிகமான பிசகையும் அது வேக மாற்றத்தாலேயே ஈடுகட்டும். ஆனாலும் போர்ட் அடைபடுவது நின்றுவிடவில்லை.

*

உங்கள் லினக்ஸ் கணினியில் நேரமண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கும். அந்தக் கோப்பின் உள்ளே கிடக்கும் வரலாற்றைக் கொட்டிப் பார்த்தால், எம்எம்டி என்று ஒரு வரி தட்டுப்படும். மெட்ராஸ் நேரம். கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முந்தியது. 1870 முதல் 1906 பிறக்கும் வரை அது நடப்பில் இருந்ததாக அந்தக் கோப்பு கணக்கு வைத்திருக்கிறது. பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம் என்று இருந்த நாட்டில், ரயில்கள் இரண்டுக்கும் இடைப்பட்ட மெட்ராஸ் நேரத்தில் ஓடின. கிழக்கிந்தியக் கம்பெனி 1792-இல் நுங்கம்பாக்கத்தில் எழுப்பிய வானாய்வகத்தில் நட்சத்திரம் பார்த்துக் கணித்த நேரம், தந்திக் கம்பி வழியாக ஸ்டேஷன்களுக்குப் போனது. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்துப் பொறித்தபடி இன்னும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. என்டிபியின் மொழியில் சொன்னால், துணைக்கண்டத்து ரயில்களுக்கெல்லாம் முதல் அடுக்கு சர்வர் நுங்கம்பாக்கத்தில் இருந்தது.

1906 ஜனவரி 1 அன்று இந்தியத் திட்ட நேரம் வந்தபோது மெட்ராஸ் கடிகாரங்கள் 8 நிமிடம் 50 வினாடி முன்னால் தள்ளப்பட்டன. பம்பாயும் கல்கத்தாவும் பல பத்தாண்டுகள் தங்கள் நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் காலத்து ஒரு ஊரில் 11:00 மணிக்கு நடந்தது, இன்னொரு ஊரின் 11:03-க்கு முந்தியதா பிந்தியதா என்று கேட்டால், யாருடைய கடிகாரம் என்று திருப்பிக் கேட்டிருப்பார்கள். நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கேட்காமல் போனதால் உயிர்கள் போயிருக்கின்றன. 1991 பிப்ரவரி 25, வளைகுடாப் போர். சவுதியின் தஹ்ரானில் நிறுத்தியிருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. பத்தில் ஒன்றை இரும எண்ணில் முழுதாக எழுத முடியாது. 24 பிட்டுக்குள் வெட்டியபோது நூலிழை அளவு குறைந்தது. நூறு மணி நேரம் அணைக்காமல் ஓடியதில் அது 0.34 வினாடியாகச் சேர்ந்துவிட்டது. அதற்குள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். ரேடார் தேடிய இடத்தில் ஒன்றும் இல்லை. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். பிசகு இருப்பதை இஸ்ரேல் இரண்டு வாரம் முன்பே தெரிவித்திருந்தது. திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள்.

*

லெஸ்லி லாம்போர்ட் 1978-இல் எழுதிய கட்டுரையில் ஒரு எளிய உண்மை இருக்கிறது. இரண்டு கணினிகளுக்கு நடுவே செய்தி ஏதும் போகாதவரை, ஒன்றில் நடந்தது முன்பா மற்றதில் நடந்தது முன்பா என்று அவற்றை வைத்தே தீர்மானிக்க முடியாது. கடிதம் எழுதப்பட்டது அது படிக்கப்படுவதற்கு முன்பு, இது நிச்சயம். மற்றதெல்லாம் கடிகாரத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை. ஸ்கிரிப்ட் ஓடியதற்கும் வாடிக்கையாளர் பார்த்ததற்கும் நடுவே, நான் எடுத்துவைத்த லாக்குகளில் எந்தச் செய்தியும் இல்லை. இரண்டு எண்கள் மட்டும் இருந்தன. 11:00, 11:03. சின்னது முன்னால் என்று ஒன்றாம் வகுப்புப் பையன் போல அடுக்கிவிட்டேன்.

கூகுள் 2012-இல் தன் ஸ்பேனர் டேட்டாபேஸைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், அவர்களுடைய கடிகாரம் நேரத்தை ஒரே எண்ணாகச் சொல்வதில்லை. இதற்கும் இதற்கும் நடுவே என்று ஒரு இடைவெளியைச் சொல்கிறது. அணுக் கடிகாரமும் ஜிபிஎஸ்ஸும் வைத்திருப்பவர்களே அப்படிச் சொல்கிறார்கள். சந்தேகம் தீரும் அளவுக்கு சில மில்லி வினாடி காத்திருந்துவிட்டுத்தான் பதிவை உறுதி செய்கிறார்கள். நான் இரண்டு நிமிடம் காத்திருந்தால், இரண்டு சர்வரிலும் தேதியைக் கேட்டிருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை காலை அவனை டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். ஏழு நிமிடக் கதையைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். கண்ணாடி டம்ளரை உருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். கோபப்படுவான் என்று நினைத்தேன்.

"பரவால்லண்ணா. நீங்க லாக்கைக் காட்டினீங்கல்ல, அப்புறம் எனக்கே டவுட் வந்துடுச்சு. நான்தான் தூக்கக் கலக்கத்துல ஏதோ அடிச்சிட்டேன்னு நெனைச்சுட்டேன். ரெண்டு நாளா என்ன அடிச்சேன்னு ஞாபகப்படுத்திட்டே இருந்தேன்."

செய்யாததை ஞாபகப்படுத்திக்கொள்ள முயன்றிருக்கிறான். பதில் சொல்லத் தெரியாமல் டீக்குக் காசு கொடுத்தேன்.

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட பட்டியல்கள் நிறையத் தயாரித்திருக்கிறேன். இப்போதெல்லாம் முதல் வரியில் சம்பவம் எதுவும் இருக்காது. எந்த சர்வரின் கடிகாரம் எவ்வளவு பிசகியிருந்தது என்று ஒரு சின்ன அட்டவணை இருக்கும். அது கிடைக்கவில்லை என்றால், 'கிடைக்கவில்லை, இந்த வரிசை உறுதியில்லை' என்று எழுதுகிறேன். மேலாளர்களுக்கு அந்த வரி பிடிப்பதில்லை.